ஆள் போகலாம், மாடு போகலாம்

சுருளியாண்டி நிலம் தேடியது பணக்காரனாவதற்கு அல்ல. காதுக்குக் கொஞ்சம் ஓய்வு வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

கம்பத்தில் அவன் குடும்பம் இருந்தது ஒரு நீண்ட வளவில். ஒரே வாசல், ஒரே கிணறு, அண்ணன் தம்பி மூன்று பேர், அவரவர் பெண்டாட்டி பிள்ளைகள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் சுவர் என்று இருந்தது மூங்கில் தட்டிதான். மூத்தவன் தும்மினால் இளையவன் வீட்டில் விளக்கு அணையும் என்று தெருவில் கேலி பேசுவார்கள். சுருளியாண்டிதான் அந்த இளையவன். பகலெல்லாம் மலைச்சரக்கு மண்டியில் மூட்டை தைப்பான். அங்கே தரகர்களின் கூப்பாடு. வீட்டுக்கு வந்தால் இங்கே அண்ணிமார்களின் கூப்பாடு.

அவனாவது பொறுத்துக்கொண்டிருப்பான். அவன் மனைவி சந்தனம்மாளுக்குத்தான் சங்கடம். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டால் நிறுத்தத் தெரியாது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து மூத்த அண்ணி அக்கம்மாள், "யாரு வீட்டு மாடுடி கத்துது?" என்பாள். கொஞ்ச நாளில் சந்தனம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரிக்கப் பழகிவிட்டாள். ஒருநாள் அவள் அப்படிச் சத்தமில்லாமல் தோள் குலுங்க உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, அழுகிறாளோ என்று பதறிப்போனான் சுருளியாண்டி. சிரிக்கிறாள் என்று தெரிந்தபோது அவனுக்கு அதைவிட வேதனையாக இருந்தது. வேறு இடம் பார்த்தே தீர்வது என்று அன்றைக்கு முடிவு செய்தான்.

கையில் இருப்பது கொஞ்சம், ஆசை பெரிசு. மண்டி விடுமுறை நாளெல்லாம் பள்ளத்தாக்கை நடந்தே அளந்தான். லோயர் கேம்ப் பக்கம் ஒரு துண்டு மலிவாக வந்தது. மலையிலிருந்து தண்ணீர் விழுகிற இரைச்சலைக் கேட்டதும் வளவே தேவலை என்று திரும்பிவிட்டான். அனுமந்தன்பட்டியில் ஒன்று அமைந்தது. ஆனால் அது மாமனார் வீட்டுக்கு நேர் எதிரே இருந்தது. அமைதி தேடுகிறவன் அங்கே போவானா? மற்ற இடங்களில் விலையைக் கேட்டதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷம் சித்திரை மாதம், தரகர் வைகுண்டராஜ் அவனைச் சுருளிப்பட்டிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். ரோட்டிலிருந்து இறங்கினால் அறுத்துப்போட்ட தாள் நிலம், மைதானம் மாதிரி. அதன் நடுவே ஒரு மேடு. மேட்டில் ஒரு கிணறு, ரெண்டு தென்னை, ஒரு மண்சுவர் வீடு. பின்னால் ஆறு. சுற்றிலும் மனித வாடையே இல்லை. காற்று மட்டும் தென்னையில் புரண்டுகொண்டிருந்தது. சந்தனம்மாள் கிணற்றடியில் நின்று, "ஓய்!" என்று ஒரு சத்தம் கொடுத்துப் பார்த்தாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அங்கேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

விலையும் அக்கம்பக்கத்து விலையில் பாதி. விற்கிற பிச்சைமணி, மகனோடு மதுரைக்குப் போய் இருக்கப் போவதாகச் சொன்னான். சுருளியாண்டி வளவில் தன் பங்கை அண்ணன்களுக்கே விட்டுக்கொடுத்து, அவர்கள் தந்ததோடு மனைவியின் கழுத்தில் கிடந்ததையும் சேர்த்தான்.

வெற்றிலை மாற்றுகிற அன்று எல்லோரும் அந்தக் கிணற்றடியில் உட்கார்ந்தார்கள். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள். பிச்சைமணி ஒரு பக்கம், சுருளியாண்டி ஒரு பக்கம், நடுவில் தரகர். மேட்டைச் சுற்றியுள்ள வயல் முழுக்க முத்துக்கருப்பனுடையது. பக்கத்து நிலத்துக்காரர் என்ற முறையில் அவரும் வந்திருந்தார். கனத்த உடம்பு, மெதுவான பேச்சு. சுருளியாண்டி ஏமாளி அல்ல. கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டான். கிணறு கோடையில் வற்றுமா, ஆற்று வெள்ளம் மேட்டுக்கு ஏறுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டுப் பாதைக்கு வந்தான்.

"பாதைக்கென்னப்பா? இந்த அண்ணன் வரப்புதான் பாதை" என்றான் பிச்சைமணி. "ஆளு போகலாம், மாடு போகலாம், கலப்பையத் தோள்ல போட்டுக்கிட்டுப் போகலாம், தலச்சொமையும் போகலாம்."

"நான் மறிக்க மாட்டேன் தம்பி" என்றார் முத்துக்கருப்பன். "எங்கப்பா காலத்துலயிருந்து விட்டுக்கிட்டுத்தான் வர்றோம்."

தரகர் வாய் நிறைய வெற்றிலையை அடக்கிக்கொண்டு ஆற்றைப் பார்த்தார்.

அந்த நேரத்தில் ஒரு கேள்வி சுருளியாண்டியின் மனதிலும் வந்து எட்டிப் பார்த்ததுதான். பொய் சொல்வானேன். ஆனால் வெற்றிலைத் தட்டு நடுவில் இருக்கும்போது சாவு என்ற சொல்லை இந்தப் பக்கத்தில் யாரும் வாயில் எடுக்கமாட்டார்கள். அபசகுனமென்று எண்ணெய் என்றுகூடச் சொல்லமாட்டார்கள். புது மண்ணில் பால் காய்ச்சப் போகிறவன், 'நான் செத்தால் என்னை எந்த வழியாக எடுத்துப்போவது?' என்றா கேட்பான்? எட்டிப் பார்த்த கேள்வியை உள்ளே தள்ளிவிட்டு வெற்றிலையை வாங்கிக்கொண்டான். அங்கே இருந்த அத்தனை பேருக்கும் பதில் தெரியும். கேட்காததைச் சொல்வது அமங்கலம் என்று அத்தனை பேரும் மங்கலமாகச் சிரித்தார்கள்.

ஆனி மாதம் தண்ணீர் திறந்தார்கள். மைதானம் மாதிரி கிடந்த நிலம் கொஞ்ச நாளில் சேறாகி, நாற்றாகி, பச்சைக் கடலாகிவிட்டது. மேடு நடுவில் தனியே நின்றது. வரப்பில் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். அதனாலென்ன, அவர்கள் இருவர்தானே. சுருளியாண்டி மண்டி வேலைக்குப் போய் வந்தான். சந்தனம்மாள் கத்தரியும் மிளகாயும் போட்டாள். சாயங்காலம் அவன் ரோட்டில் வரும்போதே மேட்டிலிருந்து அவள் சிரிப்பு கேட்கும். என்ன சொல்லிச் சிரிக்கிறாள், யாரிடம் சிரிக்கிறாள் என்றெல்லாம் அவன் கேட்டுக்கொள்ளவில்லை. ஆட்டுக்குட்டியிடம் சிரித்திருப்பாள். அவனுக்கு அந்தச் சில மாதங்கள் போதுமென்று இருந்தது. பின்னாளில் யோசித்தால் அவை மட்டும்தான் கிடைத்தன.

கார்த்திகை அடைமழையில் சந்தனம்மாளுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. நடுக்கத்தில் பல் கிட்டிக்கொண்டது. சுருளியாண்டி என்ன செய்வதென்று தெரியாமல் கம்பளியைப் போர்த்திவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். வாசலில் ஆள் அரவம் கேட்டது. முத்துக்கருப்பன் நின்றுகொண்டிருந்தார். பின்னால் நான்கு ஆட்கள், ஒரு கயிற்றுக்கட்டிலோடு.

"தம்பி, தங்கச்சிய இந்தக் கட்டில்ல படுக்க வையி. வெரசாத் தூக்கணும்."

கூடப்பிறந்தவர்கள் செய்யாததை இந்த மனிதர் செய்கிறாரே என்று சுருளியாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. வழுக்குகிற வரப்பில் நான்கு பேரும் கட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போனார்கள். ரோட்டோரம் முத்துக்கருப்பனின் வைக்கோல் கொட்டகையில் கட்டிலை இறக்கினார்கள். இறக்கியதும் எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். அந்த நிம்மதிதான் சுருளியாண்டிக்கு விளங்கவில்லை.

"வண்டி வருதாண்ணே?"

"வண்டி எதுக்கு? வைத்தியரு இங்கனயே வருவாரு."

"அப்ப வீட்டுக்கே வந்திருக்கலாமேண்ணே? மழையில தூக்கிட்டு வந்து…"

முத்துக்கருப்பன் பிடரியைத் தடவினார். "ஒங்கிட்ட யாரும் சொல்லலையாப்பா?" என்றார்.

பிறகு சொன்னார். பயிர் நிற்கிற வயலில் பிணம் போகக்கூடாது. போனால் அந்த வயலின் லட்சுமி பிணத்தின் பின்னாலேயே எழுந்து போய்விடுவாள். அதோடு, ஒருமுறை பிணம் போன தடத்தைப் பிறகு யாரும் அடைக்க முடியாது, ஊர்ப்பொதுவாகிவிடும். பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வருவதற்கு முன்னால் ஒரே வெள்ளாமைதான். வருஷத்தில் பாதி நிலம் சும்மா கிடக்கும். மேட்டில் யார் செத்தாலும் தாளில் மிதித்துத் தூக்கிக்கொண்டு போவார்கள். இப்போது இருபோகம். சித்திரை வைகாசி தவிர எப்போதும் பச்சை. பிச்சைமணியின் அப்பாவைச் சாவதற்கு முன்னால் இந்தக் கொட்டகைக்குத்தான் தூக்கி வந்தார்கள், அவன் பெண்டாட்டியையும் அப்படித்தான்.

"ஆறு இருக்குல்லண்ணே, பின்னால?"

"ஓடம் கெடையாது, பாலம் கெடையாது. ஆளாழத்துக்குக் கசமா கெடக்கு. உசுரோட இருக்குறவனே எறங்க மாட்டான்."

சுருளியாண்டி கட்டிலில் நடுங்கிக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தான். அவளை வைத்தியம் பார்க்கத் தூக்கி வரவில்லை. செத்துப்போவாளோ என்ற பயத்தில் தூக்கி வந்திருக்கிறார்கள். அந்தப் பாதி விலையில் மற்ற பாதி எங்கே போயிற்று என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. கோபம் வந்தது. யார் மேல் காட்டுவது? பிச்சைமணி மதுரையில் இருக்கிறான். தரகர் எதிரில் வந்தால், "நீ கேக்கலையேப்பா" என்பார். கேட்கவில்லைதான்.

சந்தனம்மாள் பிழைத்துக்கொண்டாள். ஆனால் அந்த வீட்டுக்குள் திரும்பிப் போனபோது சுருளியாண்டிக்கு அது வேறு வீடாகத் தெரிந்தது. வாசலில் நின்று பார்த்தால் நாலாபக்கமும் நெற்பயிர் தலையாட்டிக்கொண்டிருந்தது. பார்க்கிறவர்களுக்கு அழகு. அவனுக்குக் கோட்டைச் சுவர்.

விற்றுவிடலாமென்றால், ஊரில் எவனும் வாங்கமாட்டான். வெளியூர்க்காரன் எவனாவது வந்தால் அவன் தலையில் கட்டலாம். தரகர் அதற்கும் தயாராகத்தான் இருந்தார். சுருளியாண்டிக்கு மனது வரவில்லை. வளவுக்குத் திரும்பலாமென்றால் அங்கே அவன் பங்கில் நடு அண்ணன் தறி போட்டுவிட்டான். வரப்பை ஒட்டி ஒரு தடம் மட்டும் விலைக்குக் கொடுங்கள் என்று முத்துக்கருப்பனிடம் கெஞ்சிப் பார்த்தான்.

"வேற எது வேணாலும் கேளு தம்பி" என்றார் அவர். "நாத்துத் தாறேன், வைக்கோலு தாறேன். பிணத்தடம் மட்டும் கேக்காத. என் வயலு ரெண்டாப் போகும். எம் பிள்ளைக என்னையச் சபிக்கும்."

அவர் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். முதல் அறுப்பு முடிந்ததும் ஒரு மரக்கால் புது நெல்லை மேட்டுக்குக் கொடுத்தனுப்புகிற மனிதரிடம் எப்படிச் சண்டை போடுவது? தினமும் வரப்பில் சுருளியாண்டியைப் பார்த்தால், "தங்கச்சி எப்படி இருக்கு?" என்று விசாரிப்பார். அதில் அன்பும் இருந்தது. பயிர் எந்தப் பருவத்தில் நிற்கிறது என்ற கவலையும் இருந்தது.

சுருளியாண்டியும் அப்படியே ஆகிப்போனான். வீட்டில் யாராவது இருமினால் இது என்ன மாதம் என்று நினைத்துப் பார்த்தான். ஆடியில் தலைவலி வந்தால் பயந்தான். சித்திரையில் வந்தால் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தான். ஒரு மகள் பிறந்தாள், சங்கிலியம்மாள் என்று பெயர் வைத்தார்கள். பிள்ளைப்பேறு அனுமந்தன்பட்டியில் தாய் வீட்டில். எல்லோருக்கும் அதுதானே வழக்கம் என்பார்கள். ஆனால் நிறைமாதத்துக்கு வெகு முன்பே சந்தனம்மாளை அனுப்பியது வழக்கத்துக்காக அல்ல.

கொட்டகையில் எத்தனை நேரம் கிடப்பது? அதனால் பெரிய காய்ச்சல் வரும்போதெல்லாம் சந்தனம்மாளைக் கம்பத்து வளவுக்கு வண்டியேற்றினார்கள். எந்தத் தட்டிக்குப் பின்னால் முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரித்தாளோ, அதே தட்டிக்குப் பின்னால் சாவதற்காகப் போய்ப் படுத்தாள். அவள் உடம்பு வாகு அப்படி, காய்ச்சல் வரும், உலுக்கும், போய்விடும். பிழைத்து எழுந்து கஞ்சி குடிப்பாள். அக்கம்மாள் வாசலில் நின்று, "இந்தத் தடவையும் சும்மாதான் வந்தியாக்கும்" என்பாள். உயிரோடு இருப்பதற்காக ஒருத்தி கூச்சப்பட வேண்டியிருந்தது. திரும்பி வரும்போது வரப்பில் களை எடுக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். சந்தனம்மாள் தலையைக் குனிந்துகொண்டு நடப்பாள்.

கடைசியாக அப்படிப் போய்த் திரும்பிய அன்று, அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்குள் மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. சுருளியாண்டிக்கும் முடி நரைத்துவிட்டது.

"இனிமே என்னையத் தூக்காதீக" என்றாள்.

"அப்புறம் என்ன செய்யச் சொல்லுறே?"

"என்னவோ செய்யுங்க. எனக்கென்ன தெரியும்? இது என் கழுத்துச் சங்கிலியில வாங்குன வீடு. நான் இங்கனதான் கண்ண மூடுவேன். அக்கம்மா அக்கா மூஞ்சியப் பாத்துக்கிட்டுப் போகமாட்டேன்."

"கிறுக்கச்சி மாதிரி பேசாத."

"சரின்னு சொல்லுங்க."

அவன் திரும்பிப் பார்த்தான். வாசலுக்கு வெளியே நெல் பால் பிடித்துக்கொண்டிருந்தது. "சரி" என்றான். சந்தனம்மாள் சிரித்தாள். பழைய சிரிப்பு இல்லை, ஆனாலும் சிரிப்புதான்.

உலகச் சண்டைக் காலம் அது. மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, அரிசி கிடைக்கவில்லை, மருந்தும் கிடைக்கவில்லை. மார்கழியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சங்கிலியம்மாள் வந்து கூட இருந்தாள். முத்துக்கருப்பன் வரப்பில் நின்று, "தூக்கட்டுமாப்பா?" என்று கேட்டார். சுருளியாண்டி, "லேசான காய்ச்சல்தாண்ணே" என்று சொல்லி அனுப்பிவிட்டான். அவர் தயங்கித் தயங்கித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். அடுத்த நாளும் கேட்டார். அதே பதில்தான்.

ஒரு காலையில், சங்கிலியம்மாள் கஞ்சியோடு உள்ளே போனவள் அப்படியே நின்றாள். கிண்ணம் கீழே விழுந்தது. வாயைத் திறந்தாள். கிணற்றடியிலிருந்து ஓடி வந்த சுருளியாண்டி, ஒப்பாரி வெளியே வருவதற்கு முன்னால் மகளின் வாயைப் பொத்திவிட்டான்.

"அழாத ஆத்தா. அழுதா ஒங்கம்மா செத்துப்போயிருவா."

மகள் அவனைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு அவளுக்கும் விளங்கியது. மேட்டில் யாரும் அழாதவரைக்கும் இங்கே யாரும் சாகவில்லை. அந்த அமைதியான இடத்தில் ஒரு சின்ன விசும்பல்கூட ரோடுவரை கேட்கும். அவன் விலை கொடுத்து வாங்கிய அமைதி.

கட்டில் வைத்துத் தூக்க ஆள் கூப்பிட முடியாது. பெருவிரல்களைக் கட்டவில்லை. நெற்றியில் காசு வைக்கவில்லை. முகத்தை மூடவில்லை. சங்கிலியம்மாள் அம்மாவுக்குத் தலை சீவி, கம்பளியைப் போர்த்திவிட்டாள். சுருளியாண்டி குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். மகள் அம்மாவைத் தூக்கி அவன் முதுகில் சாய்த்து, பழைய சேலையால் இடுப்போடு சேர்த்துக் கட்டினாள். காய்ச்சலில் அவள் இளைத்துத்தான் போயிருந்தாள். ஆனாலும் எழுந்து நிற்க அவன் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. அவள் கன்னம் அவன் தோளில் கிடந்தது. மூச்சு மட்டும்தான் இல்லை.

வரப்பில் இறங்கினான். பின்னால் மகள், அம்மாவின் தலை சரியாமல் ஒரு கையால் தாங்கிக்கொண்டு.

வயலில் பெண்கள் வரிசையாகக் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி நிமிர்ந்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக நிமிர்ந்தார்கள். வரப்பின் நடுவில் மண்வெட்டியோடு முத்துக்கருப்பன் நின்றுகொண்டிருந்தார். சுருளியாண்டி இடுப்புச் சேலைக்கட்டை இறுக்கிப் பிடித்தான். திரும்ப முடியாது, வரப்பில் சுமையோடு திரும்ப இடமில்லை. நடந்தான்.

அவருக்கு எதிரே போய் நின்றதும் முத்துக்கருப்பன் சந்தனம்மாளின் முகத்தைப் பார்த்தார். கண் பாதி திறந்திருந்தது. அவர் பார்வை அங்கேயே நின்றது. இந்த மனிதர் எத்தனை சாவைப் பார்த்திருப்பார்!

"தங்கச்சிக்கு என்ன செய்யுது?" என்றார்.

"காய்ச்சல்ணே."

"ரொம்பவோ?"

"ஆமாண்ணே. கம்பத்துக்குக் கொண்டு போறேன்."

களை எடுக்கிறவர்களில் ஒரு கிழவி புறங்கையால் வாயைப் பொத்தினாள். முத்துக்கருப்பன் அந்தப் பக்கம் திரும்பி, "என்ன வேடிக்க? களையப் பாருங்க" என்று அதட்டினார். பிறகு வரப்பை விட்டுத் தன் பயிருக்குள் இறங்கினார். முழங்கால் அளவு சேற்றில், தானே நட்ட நாற்றை மிதித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

"பையப் போ தம்பி" என்றார். "வழுக்கும். தங்கச்சியக் கீழ போட்டுறாத." அவர் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. அவளைப் பார்த்து, "ஒடம்ப நல்லாப் பாத்துக்க ஆத்தா" என்றார்.

அவரைத் தாண்டிப்போகும்போது, வரிசையில் நின்ற பெண்களும் குனிந்த தலை நிமிராமலே ஆளுக்கொரு வார்த்தை சொன்னார்கள். "சொகமா வந்து சேருக்கா" என்றாள் ஒருத்தி. "சுக்குத் தண்ணி குடு மாமா" என்றாள் இன்னொருத்தி. சுருளியாண்டி ஒவ்வொருவருக்கும் சரி சரி என்று தலையாட்டினான். அழுகை தொண்டைவரை வந்து வந்து முட்டியது. விழுங்கிக்கொண்டே நடந்தான். ரோட்டில் ஏறி மகள் முதல் ஓலத்தை விட்டபோது, அவன் மட்டும் அப்படியே நின்றான். விழுங்கியது திரும்பி வரவில்லை.

கம்பத்தில் வைத்து எல்லாம் நடந்தது. அக்கம்மாள்தான் எல்லோரையும்விட அதிகமாக அழுதாள், நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். சுருளிப்பட்டியிலிருந்து ஊரே வந்தது. முத்துக்கருப்பன் மட்டும் வரவில்லை. கல்நெஞ்சுக்காரன் என்று சிலர் பேசினார்கள். சுருளியாண்டி பேசவில்லை. அவர் எப்படி வருவார்? வந்து மாலை போட்டால் அவர் வயல் வழியே போனது என்ன என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

காரியம் முடிந்து அவன் தலையை மழித்துக்கொண்டு மேட்டுக்குத் திரும்பினான். மகள் தன்னோடு வரச்சொல்லிக் கெஞ்சினாள். அவனுக்கு வேறெங்கும் போக முடியவில்லை. வரப்பில் இறங்குவதற்கு முன் துண்டை எடுத்து மொட்டைத்தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டான். முத்துக்கருப்பன் மடையில் நின்றிருந்தார்.

"தங்கச்சி எப்படி இருக்கு?"

என்ன சொல்வது? கதிர் வெளியே வருகிற பருவம்.

"பரவாயில்லண்ணே" என்றான்.

"அங்கனயே இருக்கட்டும். நல்லாத் தேறட்டும்."

தை முழுக்க, மாசி முழுக்க அது நடந்தது. அவர் கேட்பார், அவன் சொல்வான். தேறி வருகிறாள் என்பான். கஞ்சி குடிக்கிறாள் என்பான். ஒருநாள், "சிரிக்கிறாண்ணே" என்று அவன் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தான். அப்போதாவது அழுதிருக்கலாம். வெளியே கதிர் உரசுகிற சத்தம் உள்ளே தெளிவாகக் கேட்டது. அது உள்ளே கேட்டால் இது வெளியேயும் கேட்கும். துண்டை வாயில் திணித்துக்கொண்டான்.

பங்குனியில் அறுப்பு. வண்டிகள் வந்து கட்டுகளை ஏற்றிக்கொண்டு போயின. சித்திரை பிறந்ததும் தண்ணீரை நிறுத்தினார்கள். வயல் வெடித்து வெறும் தாளாகக் கிடந்தது.

ஒருநாள் காலை சுருளியாண்டி வாசலில் உட்கார்ந்திருந்தபோது, தாளில் மிதித்துக்கொண்டு முத்துக்கருப்பன் நேராக வந்தார். வரப்பில் வரவில்லை. கூடவே அவர் மனைவி இருளம்மாள், தலைமுடியை அவிழ்த்துப்போட்டுக்கொண்டு. அவர் தோளில் துண்டு இல்லை, கையில் சுருட்டிப் பிடித்திருந்தார். சாவு வீட்டுக்குத் துட்டி கேட்க வருகிறவர்கள் அப்படித்தான் வருவார்கள். வாசலில் வந்து நின்று இரண்டு கைகளையும் நீட்டினார். சுருளியாண்டி அந்தக் கைகளைத் தொட்டான்.

"வயலு வெறுமனே கெடக்கு தம்பி" என்றார் முத்துக்கருப்பன். "இப்பச் சொல்லு. தங்கச்சி எப்படி இருக்கு?"

"போயிட்டாண்ணே."

சொன்னதும் வந்துவிட்டது. மேட்டில் உட்கார்ந்து அவன் போட்ட சத்தம் ரோடுவரை கேட்டது. இருளம்மாள் தரையில் சாய்ந்து சந்தனம்மாளின் பேரைச் சொல்லி ஒப்பாரி வைத்தாள். முத்துக்கருப்பன் அவன் கையை விடாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அவர் முகமும் நனைந்திருந்தது. யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பழக்கத்தில் சுருளியாண்டி துண்டை எடுத்து வாய்க்குக் கொண்டு போனான். அவர் அதைப் பிடுங்கிக் கீழே போட்டார்.

"நல்லா அழுப்பா" என்றார். "தண்ணி தொறக்க இன்னும் நாளு கெடக்கு."